பழங்காநத்தம் பச்சையான கதை

குரலோசை டெலிகாம் கம்பெனியின் மதுரை வட்டார அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. திரையில் மதுரை. கம்பெனிக்கு ஊருக்குள் எத்தனை டவர் உண்டோ அத்தனை வட்டங்கள். டவரில் கூட்டம் குறைவு என்றால் பச்சை, நெருக்கடி என்றால் மஞ்சள், மூச்சுத் திணறினால் சிவப்பு. வட்டார மேலாளர் விக்ரம் சார் செருப்பைக் கழற்றாத குறையாகத் திரை முன்னால் வந்து கொஞ்ச நேரம் மௌனமாக நிற்பார். பிறகு, சிவப்பு வட்டத்துக்குச் சொந்தக்காரர்களை இடது பக்கமாகப் போய் நிற்கச் சொல்வார். இடது பக்கம் ஏசி காற்று வராது.

ஜெர்சன் நிரந்தரமான இடது பக்கத்து ஆள். அவனுடைய பதவிக்குச் சுமைச் சமநிலை முதுநிலைப் பொறியாளர் என்று பெயர். விசிட்டிங் கார்டில் அது ஒரு வரியில் அடங்காமல் இரண்டாவது வரிக்கு வழிந்திருந்தது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, லாரி ஆபீஸா?" என்று கேட்பார்கள். சேர்ந்த புதிதில் அவன் விளக்கம் சொல்லிப் பார்த்தான். வயது முப்பத்தைந்தைத் தொட்ட பிறகு, "ஆமா மாமா" என்று சொல்லிவிட்டுக் காப்பியை நீட்டக் கற்றுக்கொண்டான்.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஒரு டவரில் கூட்டம் பிதுங்கினால், அங்கிருந்து கொஞ்சம் போன்களைப் பக்கத்து டவருக்குத் தள்ளிவிட வேண்டும். கல்யாண மண்டபத்தில் கீழே பந்தி நிறைந்துவிட்டால், "மாடியிலயும் இலை போட்டிருக்கு, மேல போங்க" என்று ஒருவர் வாசலில் நின்று கை காட்டுவாரே, அந்த வேலை. மாடியில் நிஜமாகவே சோறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்சனின் சிவப்பு வட்டம் பழங்காநத்தம். அவன் குடியிருப்பதும் அங்கேதான். கடைக்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் வாடகை வீடு, அதற்கு மேல் ஹாஸ்டல் என்று அடுக்கி வைத்த ஊர். அத்தனை பேரும் சாயங்காலமானால் ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பார்கள். ஒற்றை டவர் என்ன செய்யும், பாவம்? இன்னொரு டவர் வேண்டும் என்று ஜெர்சன் பல தடவை கேட்டுப் பார்த்தான். தலைமையகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: "புதிய டவர் என்பது பழைய சிந்தனை. இருப்பதைச் சமன் செய்க."

சமன் செய்ய அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத டவர் வேண்டுமே. தேடிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. கீழக்குயில்குடியில், சமணர் மலைக்கு எதிரே, தாமரைக் குளத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனி என்றைக்கோ ஒரு டவர் நட்டு வைத்திருந்தது. மலையைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். படம் எடுக்கிறவர்களை விட அங்கே ஆடுகள்தான் அதிகம். டவர் எந்நேரமும் பச்சைப் பசேல் என்று சும்மா நின்றது.

போன்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த டவரின் சத்தம் பலமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். "பக்கத்து டவர் கொஞ்சம் பலவீனமானாலும் பரவாயில்லை, அதையே பிடி" என்று போனை ஏமாற்றுவதற்கு ஓர் எண் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதில் இரண்டோ மூன்றோ வைப்பார்கள். ஒரு திங்கட்கிழமை, இடது பக்கம் நின்று வியர்த்துப்போன கடுப்பில் ஜெர்சன் இருபத்துநாலு வைத்தான்.

மறுநாள் காலை பழங்காநத்தம் பச்சை. பாதிப் போன்கள் வீட்டு வாசலில் நிற்கும் டவரை உதறிவிட்டு, எட்டாத தூரத்து மலையடி டவரை எக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கீழக்குயில்குடியும் பச்சைதான். விக்ரம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நண்பர்களே, இதுதான் சமத்துவம்" என்றார். "நெருக்கடியில் இருந்தவனும் சும்மா இருந்தவனும் ஒன்றாகிவிட்டார்கள். இதை மனிதர்களால் செய்ய முடியவில்லை. நாம் செய்திருக்கிறோம். ஜெர்சன், வலது பக்கம் வாருங்கள்."

எல்லோரும் மூன்று தடவை கை தட்டினார்கள். வட்டார அளவிலான சாதனைக்கு மூன்று தட்டல்தான். நான்காவது தட்டல் தலைமையகத்துக்கு உரியது. ஜெர்சன் வலது பக்கம் போய் நின்றான். ஏசி காற்று சில்லென்று கழுத்தில் பட்டது. சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

அதே வாரத்தில்தான் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் ஹெப்சிபா. சமயநல்லூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜெர்சனின் அம்மா ஜோசபினும் ரிட்டயர்டு டீச்சர். ஆகவே பெண் பார்க்கும் படலம் முழுவதும் இரண்டு டீச்சர்களும் விடைத்தாள் திருத்துவதைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். ஜெர்சன் கேசரி சாப்பிட்டான். கிளம்பும்போது வாசலில் ஹெப்சிபா அவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"உறுதி பண்ணுறதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட நாலு விஷயம் பேசணுங்க. இங்க இம்புட்டு பேரு மத்தியில முடியாது. போன்ல பேசுறேன்."

"வாட்சப்ல அனுப்புங்களேன்" என்றான் இவன்.

"டைப் பண்ணுனா எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரிவாங்க. குரலக் கேட்டாத்தாங்க ஆளு தெரியும்."

அந்தக் குரல் அவனுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. அவசரப்படாத குரல். கரும்பலகையில் அடுத்த வரியை எழுதுவதற்கு முன்னால் வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டதா என்று நின்று பார்க்கிற குரல். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

முதல் அழைப்பு புதன்கிழமை சாயங்காலம் வந்தது. குசலம் விசாரித்த பிறகு ஹெப்சிபா விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்குப் பொய் சொன்னாப் பிடிக்காதுங்க. உங்களுக்கு எது பிடிக்காது?"

"எனக்கு இந்த இடது பக்கம் நிக்கிறது..." என்று ஆரம்பித்து, வேலையில் படும் அவமானங்களை மனம் திறந்து சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "என்ன சொல்றீங்க?" என்றான். பதில் இல்லை. காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் லைன் எப்போதோ போயிருந்தது. திரும்பக் கூப்பிட்டான். போகவில்லை. மொட்டை மாடிக்கு ஓடினான். டவர் இரண்டு தெரு தள்ளி, கண்ணுக்கு நேரே நின்றது. போனில் மட்டும் ஒற்றைக் கோடு.

இரண்டாவது அழைப்பில், "கல்யாணத்துக்குப் பெறகும் நான் வேலைக்குப் போவேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். "தாராளமா" என்றான். 'தா' கூடப் போய்ச் சேர்ந்ததா என்பது சந்தேகம். இரண்டு நாள் கழித்து, இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்தும் ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏன்டா, வேலைக்குப் போவேன்னு அந்தப் பிள்ள சொன்னதும் போனக் கட் பண்ணிட்டியாமே? அவங்க அம்மா ஜெபக் கூட்டத்துல அம்புட்டு பேரு முன்னாடியும் கேக்குறாங்க."

"நான் கட் பண்ணலம்மா. தானா கட்டாயிருச்சு."

"போன் கம்பெனில வேல பாக்குறவன் சொல்ற பேச்சா இது?"

வீட்டில் வைஃபை வைத்துப் பேசலாமே என்று யாரும் கேட்கலாம். குரலோசை ஊழியர்கள் வீட்டில் வைஃபை மூலம் பேசக் கூடாது, வேறு கம்பெனி சிம்மும் வைத்திருக்கக் கூடாது. இரண்டுமே துரோகத்தின் கீழ் வரும். பெண் வீட்டாரும் மரியாதைக்காகக் குரலோசை சிம்முக்கு மாறியிருந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் ஜெர்சன் தன் சொந்த எண்ணைத் திரையில் தட்டிப் பார்த்தான். பழங்காநத்தத்தில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேசிய அவனுடைய போன், கீழக்குயில்குடி டவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்துநாலு. தன் கையால் வைத்தது. சிவப்பாக இருந்த காலத்தில் வீடியோதான் நின்று நின்று ஓடியது, பேச்சு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பச்சையான பிறகு பேச்சே போய்விட்டது.

இருபத்துநாலை அழித்து மூன்று என்று வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண் சிமிட்டும் நேரம்தான். விரலைக்கூட விசையில் வைத்துவிட்டான். அப்போதுதான் விக்ரம் சார் பின்னால் வந்து தோளில் கை போட்டார்.

"ஜெர்சன், தலைமையகத்தில் உங்கள் பெயர் அடிபடுகிறது. இந்த ஆண்டின் சமநிலைச் செம்மல் விருது. கூடவே துணை மேலாளர் பதவி. துணை மேலாளருக்குத் திரைக்கு முன்னால் நாற்காலி உண்டு, தெரியுமல்லவா?"

ஜெர்சனுக்குத் தெரியும். அந்த நாற்காலி உருளும். விரலை எடுத்துவிட்டான். விருது கையில் வந்ததும் மாற்றிவிடலாம், அதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தனக்குச் சொல்லிக்கொள்வதற்கு டவர் தேவையில்லை என்பதால் அது மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

மாதக் கடைசிக் கூட்டத்தில் இன்னோர் அதிசயம் வெளியானது. வாடிக்கையாளர் புகார் பூஜ்யம். புகார்ப் பிரிவில் இருக்கிற அருள்பாண்டி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சினிமா பாட்டு கேட்கிற அளவுக்கு ஓய்வாக இருந்தான்.

"உலகத்தில் எந்தக் கம்பெனியும் சாதிக்காததை நாம் சாதித்திருக்கிறோம்" என்று விக்ரம் சார் மைக்கில் முழங்கினார். "பழங்காநத்தத்திலிருந்து ஒருவர்கூட நம்மைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லாத நிலைக்கு அவர்களை நாம் கொண்டுவந்திருக்கிறோம். மௌனம்தான் திருப்தியின் உச்சம்."

அருள்பாண்டி ஜெர்சன் காதில் கிசுகிசுத்தான். "மாப்ள, கூப்பிட முடிஞ்சாத்தானடா கூப்பிடுவாய்ங்க?"

"சத்தம் போடாதடா" என்றான் ஜெர்சன். மூன்று தட்டல் முடிந்திருந்தது. நான்காவதைத் தட்டிவிட்ட ஒரு புதுப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

தலைமையகத்துக்கு இது போதவில்லை. பழங்காநத்தம் இன்னும் கொஞ்சம் கனமாகவும், கீழக்குயில்குடி இன்னும் கொஞ்சம் இலேசாகவும் இருக்கிறது, தராசு முள் நடுவில் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எண்ணை இதற்கு மேல் ஏற்ற முடியாது. விக்ரம் சார் இரண்டு நாள் யோசித்து, மூன்றாவது நாள் ஞானம் பெற்றவராக வந்தார்.

"இத்தனை நாளும் நாம் போன்களை மட்டும்தான் நகர்த்தியிருக்கிறோம். ஆட்களை நகர்த்தவில்லை. ஏன்?"

ஏன் என்பதற்குக் காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அடுத்த வாரமே பழங்காநத்தத்திலிருந்து கீழக்குயில்குடிக்குக் கம்பெனியின் இலவச பஸ் ஓட ஆரம்பித்தது. பெயர் 'பேச்சுப் பயணம்'. பஸ்ஸின் பக்கவாட்டில் பச்சை பேனர்: "மலையடிக்கு வாங்க, மனசுவிட்டுப் பேசுங்க." ஏறுகிறவர்களுக்கு ஒரு மோர் பாக்கெட். தலைமையகம் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தது. முதல் நாளே கூரையில் ஏறாத குறையாகக் கூட்டம். வீட்டில் பேச முடியாத சனம், பேச இடம் இருக்கிறது என்றால் வராமல் என்ன செய்யும்? இதையும் வாடிக்கையாளர்களின் அன்பு என்று விக்ரம் சார் தலைமையகத்துக்கு எழுதினார்.

ஹெப்சிபா மூன்றாவது தடவை சனிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஜெர்சன் கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, தன்னால் உண்டான பஸ்ஸில் தானே ஏறினான். பக்கத்தில் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவன் தெருவில் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள்.

"தம்பியும் பேசத்தான் போறியா? நான் ஆர்டர் எடுக்கப் போறேன்ப்பா. ஓட்டல்காரங்க போன் பண்ணுனா எனக்கு வர மாட்டேங்குது. மலைக்குப் போயி ஆர்டர எடுத்துட்டு வீட்டுக்கு வாரதுக்குள்ள அரைச்சு வச்ச மாவு பொங்கி வழியுது. ஆமா, ரெண்டு தெரு தள்ளித்தான டவரு நிக்குது? அத விட்டுட்டு நம்ம ஏன் மலைக்குப் போறோம்?"

"அது வந்து டெக்னிக்கல்க்கா."

"என்ன கெரகமோ. இந்த வேலையச் செஞ்சவன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்று சொல்லிவிட்டு மோர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் துப்பினாள். ஜெர்சன் தன்னுடைய மோர் பாக்கெட்டையும் அவளிடமே கொடுத்தான். அதற்கு மேல் அவனுக்கு வேறு பரிகாரம் தோன்றவில்லை. "தங்கமான பிள்ள" என்றாள் பாண்டியம்மாள்.

தாமரைக் குளத்தைச் சுற்றி அந்த நேரத்தில் ஒரு சந்தையே நடந்தது. ஆலமரத்தடியில் ஒருவர் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார். அய்யனார் கோயில் குதிரைக்குப் பின்னால் நின்று ஒரு காலேஜ் பெண் அழுதுகொண்டிருந்தாள். வட்டிக்கடை ஆள் ஒருவர் தவணை தவறியவர்களின் பெயர்களை ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பழங்காநத்தத்தின் அந்தரங்கம் முழுவதும் அங்கே வெயிலில் காய்ந்தது. ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு மலைச் சரிவில் ஏறிப் போய்விட்டன.

சரியாக நாலு மணிக்கு ஹெப்சிபா கூப்பிட்டாள். டவர் அவன் தலைக்கு மேலேயே நின்றது. போனில் கோடுகள் நிறைய இருந்தன.

"எங்க இருக்கீங்க? சந்தையிலயா?"

"இல்லங்க, சும்மா... மலைப் பக்கம்."

"சரிங்க, நேரா கேக்குறேன். உங்க அம்மா சொல்றது தப்புன்னு தெரிஞ்சா, இல்ல உங்க மேனேஜர் சொல்றது தப்புன்னு தெரிஞ்சா, எதுத்துப் பேசியிருக்கீங்களா? எப்பவாச்சும் ஒரு தடவ?"

ஜெர்சன் ஞாபகத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தான். ஏழாம் வகுப்பு வரைக்கும் போயும் ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சமயம் பார்த்து லைன் போயிற்று. ஊரிலிருந்து தள்ளிவிட்ட பாதிப் போன்களும், பஸ்ஸில் வந்து இறங்கிய போன்களும் சேர்ந்து டவரை அமுக்கிவிட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கம்பெனியின் மேல் அவனுக்கு நன்றி உண்டானது. அடுத்த நொடியே அப்படி நன்றி உண்டானதற்காக வெட்கமும் உண்டானது.

பஸ் திரும்பி வரும்போது பாண்டியம்மாள், "பொண்ணா?" என்று கேட்டாள். தலையாட்டினான். "நல்ல பொண்ணா?" அதற்கும் தலையாட்டினான். "அப்ப நேர்ல போயிப் பேசு தம்பி. இந்தக் கம்பெனிக்காரனுகள நம்பி ஒரு நல்லது நடக்காது" என்றாள். உறுதி செய்வதற்கு முன்னால் பெண்ணைத் தனியாகச் சந்தித்தால் இரண்டு சபைக்காரர்களும் கூடி அதையே மாதக்கணக்கில் பேசுவார்கள் என்று அவளுக்கு விளக்க அவனுக்குத் தெம்பில்லை.

அந்த வாரமே பழங்காநத்தத்தின் வெற்றி 'ஜெர்சன் முறை' என்ற பெயரில் மற்ற டவர்களுக்கும் பரவியது. சமயநல்லூருக்கும்தான். இனி ஹெப்சிபா பக்கமும் கட் ஆகும், இவன் பக்கமும் கட் ஆகும். விக்ரம் சார் வாழ்த்துச் சொன்னபோது ஜெர்சன் நன்றி சொன்னான்.

கடைசியில் அம்மா மூலமாகத் தாக்கீது வந்தது. ஜெபக் கூட்டத்தில் ஹெப்சிபாவின் அம்மா சொல்லியனுப்பியதை ஜோசபின் டீச்சர் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் அந்தப் பிள்ள கூப்பிடுமாம். இந்தத் தடவையும் கட்டாச்சுன்னா, அதுதான் மாப்பிள்ளையோட பதில்னு எடுத்துக்கிருவாங்களாம். எனக்கு இனிமே அங்க தல காட்ட முடியாதுடா. நல்ல எடம். ஒன்னய யாரு இன்னொரு தடவ பாக்க வருவா?"

விருது விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. ஜெர்சனுக்கு அந்தக் குரலை இழந்துவிடக் கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. உருளும் நாற்காலியும் கண்ணுக்குள் உருண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பழங்காநத்தத்திலும் சமயநல்லூரிலும் இருபத்துநாலை அழித்துவிட்டு மூன்று வைத்தான். பெரிய புரட்சி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு டீ குடித்தான்.

சாயங்காலத்துக்குள் பழங்காநத்தம் செக்கச் சிவந்தது. போன்கள் வீடு திரும்பிவிட்டன. திரும்பிய போன்கள் செய்த முதல் காரியம், மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கம்பெனியைக் கூப்பிட்டுச் சொன்னதுதான். அருள்பாண்டிக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. "மாப்ள, ஒரு அம்மா மாவு பொங்குறதப் பத்தி அரை மணி நேரமாப் பேசுதுடா. எந்தப் பிரிவுல எழுதட்டும்?" என்று கத்தினான்.

சனிக்கிழமை விசாரணை. விக்ரம் சார் கோபப்படவில்லை. கோபத்தை விடக் கொடுமையான ஒரு சாந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஜெர்சன், மூன்று மாதமாக இந்த ஊரில் ஒரு குறையும் கிடையாது. நேற்று நீங்கள் ஓர் எண்ணை மாற்றினீர்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் குறைகள். அப்படியானால் குறைகளை உண்டாக்கியது யார்?"

"சார், இதெல்லாம் பழைய புகார் சார். அவங்களால சொல்ல முடியாம இருந்துச்சு."

"புகார் எப்போது பிறக்கிறது? நம்முடைய கணினியில் பதிவாகும்போது பிறக்கிறது. அதற்கு முன்னால் அது வெறும் மனித உணர்ச்சி. மனித உணர்ச்சிக்கு நம்மிடம் பிரிவு கிடையாது." அவர் குரல் தழுதழுத்தது. "நான் இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு நாளாவது ஒரு டவரை நேரில் போய்ப் பார்த்திருப்பேனா? அத்தனை நம்பிக்கை திரை மேல். அந்தத் திரையைப் போய்ச் சிவக்க வைத்துவிட்டீர்களே."

விருது ரத்து. பதவி ரத்து. திங்கட்கிழமையிலிருந்து ஜெர்சன் 'பேச்சுப் பயணம்' பஸ்ஸின் ஒருங்கிணைப்பாளர், அதாவது மோர் பாக்கெட் கொடுக்கிறவர். பழைய எண்ணைத் திங்கட்கிழமை காலை வேறொருவர் திரும்ப வைப்பார். வார இறுதியில் எந்த எண்ணையும் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழங்காநத்தத்துக்குப் பேச்சு சுதந்திரம்.

ஜெர்சன் கலங்கவில்லை. காதலுக்காக நாற்காலியைத் துறந்தவன் என்ற எண்ணம் அவனைத் தரையிலிருந்து அரை அடி தூக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டு, போனில் பேசுவதற்காகத் தலை வாரிக்கொண்டு மொட்டை மாடியில் காத்திருந்தான். சொன்னபடி அவள் கூப்பிட்டாள்.

"நல்லாக் கேக்குதுங்களா?" என்றாள்.

"நல்லாக் கேக்குதுங்க!" அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. அதுவும் கேட்டது.

"இம்புட்டு நாளும் நீங்கதான் கட் பண்ணுறீங்கன்னு எங்க வீட்ல சொல்றாங்க."

"இல்லங்க. அது நெட்வொர்க்."

"நெட்வொர்க்க யாரு அப்படி ஆக்குனா?"

பொய் சொன்னால் பிடிக்காது என்று முதல் நாளே சொன்னவள். ஜெர்சன் எல்லாவற்றையும் சொன்னான். இருபத்துநாலு வைத்தது, பச்சையானது, செம்மல் விருது, நாற்காலி, பஸ், மோர். கடைசியாக, உங்களுக்காகத்தான் அத்தனையையும் தூக்கி எறிந்தேன் என்று கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னான். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வரி அது. முக்கால் மணி நேரம் பேசினான். ஒரு இடத்தில்கூடக் கட் ஆகவில்லை.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் இப்படிக் கட்டாச்சா?" என்று கேட்டாள்.

"இல்லங்க. பழங்காநத்தம் பூராவும்."

"உங்களாலதான் இப்படி ஆகுதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ரெண்டாவது தடவ நீங்க பேசுன மூணாம் நாளே தெரிஞ்சுச்சு."

"நான் இந்த ஞாயித்துக்கெழமன்னு கெடு வைக்கலேன்னா, மாத்தியிருப்பீங்களா?"

ஜெர்சன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். கட் ஆகியிருக்காதா என்று ஒரு நப்பாசை. எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. திரும்பக் காதில் வைத்தான். அவள் காத்திருந்தாள்.

"தெரியலங்க" என்றான்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்கூடத் துல்லியமாக வந்து சேர்ந்தது.

"ஒவ்வொரு தடவையும் லைன் போறப்ப, அந்தப் பக்கம் நீங்க ஏதோ நல்ல பதிலாச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க, எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சுக்கிருவேங்க. எங்க அம்மாகிட்டகூட உங்களுக்காகச் சண்ட போட்டேன். இன்னைக்குத்தான் முழுசாக் கேட்டேன். நீங்க கெட்டவரு இல்லங்க. ஆனா எனக்கு இது சரியா வராதுன்னு தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க." பிறகு, டீச்சர் அல்லவா, நிறுத்தி ஒரு தடவை கேட்டாள். "நான் சொன்னது கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க" என்றான் ஜெர்சன்.

"சரிங்க, வச்சுர்றேன்" என்று சொல்லி, அவளே முறைப்படி போனை வைத்தாள்.

கீழே அம்மா, "என்னடா ஆச்சு? என்ன சொல்லுச்சு?" என்று படியேறி வரும் சத்தம் கேட்டது. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் கையில் போன் அதிர்ந்தது. அவள்தான் மனம் மாறிவிட்டாளோ என்று பதறிப் பார்த்தான். கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி. இப்போது நீங்கள் பேசிய அழைப்பின் தரம் எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக.

ஜெர்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தை அழுத்தினான்.